பதினான்கு மாதச் சொந்தக் காரணம்

‘மறுக்கப்படுகிறது’ என்ற வார்த்தை அந்தக் கடிதத்தில் மூன்று இடத்தில் இருந்தது. ஊசி அதில் ஒன்றைக்கூடச் சரியாகப் படிக்கவில்லை. அவள் கண் போய்க் குத்திட்டு நின்றது இரண்டாம் பக்கத்தில், நட்டநடுவில், ஒரு பெண்ணின் பெயரில்.

ஊசி என்பது கடையில் வைத்த பெயர். துணி வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கும் கடை. அதன் பின்பக்கம், ஜன்னல் இல்லாத மூலையில் உட்கார்ந்து, பேண்ட்டின் நீளத்தைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பு பெருத்தவர்களுக்குத் தையலைப் பிரித்துவிட்டுக் கொடுப்பது அவள் வேலை. ஆனால் பெயருக்குக் காரணம் பாதிதான் தையல். மீதிப் பாதி அவள் வாய். வாடிக்கையாளர் யாராவது ‘துணி சுருங்கிவிட்டது’ என்றால், ‘துணி சுருங்கவில்லை சார்’ என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் வயிற்றைப் பார்ப்பாள்.

கல்யாணமாகி இரண்டு வருஷம். அதில் கணவனும் மனைவியுமாக ஒரே கூரையின் கீழ் இருந்தது, இரண்டு லீவையும் சேர்த்து, ஏழு வாரம். அவன் ஊரில் பேக்கரி மாஸ்டர். இவள் இங்கே, வெளிநாட்டில். அவனை இங்கே வரவழைக்க விசாவுக்கு மனுப் போட்டு, எட்டு மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்து, கடைசியில் வந்தது இந்தக் கடிதம். மதிய இடைவேளையில், இஸ்திரி மேஜை ஓரமாக நின்றுகொண்டு படித்தாள்.

மறுப்புக்கு இரண்டு காரணம் சொல்லியிருந்தார்கள். முதலாவது: அவன் முன்பு வேலை விசாவில் இதே நாட்டுக்கு வந்தவன், விசா முடிந்த பிறகும் பதினான்கு மாதம் இங்கேயே தங்கியிருக்கிறான், ஏன் என்று கேட்ட இடத்தில் ‘சொந்தக் காரணங்கள்’ என்று மட்டும் எழுதியிருக்கிறான், தங்கியிருந்த இடம் இன்னாருடைய வீடு. அந்த இன்னார்தான் ஒரு பெண். இரண்டாவது: கணவனும் மனைவியும் பேசிக்கொண்டதாகக் கொடுத்த மெசேஜ்களில் வாரக்கணக்கில் இடைவெளி இருக்கிறது, இது உண்மையான தாம்பத்தியமாகத் தெரியவில்லை.

கல்யாணத்துக்கு முன்பே அவன் சொல்லியிருந்தான், ‘விசா முடிஞ்சும் கொஞ்ச நாள் இருந்துட்டேன்’ என்று. ஊசிக்குக் கொஞ்ச நாள் என்றால் ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு. மனுவில் அவன் பகுதியை அவனே நிரப்பியதால் கணக்கு அவள் கண்ணில் படவில்லை. இப்போது பட்டது.

உடனே போன் போட்டாள்.

“யாரு அவ?”

“எவ?”

“ரெண்டாம் பக்கத்துல இருக்காளே, அவ.”

கொஞ்சம் மென்று விழுங்கினான். “வீட்டுக்கார அம்மா. அவங்க வீட்டுலதான் கீழ் ரூம்ல வாடகைக்கு இருந்தேன்.”

“அம்மாவா? என்ன வயசு அம்மா?”

“இப்ப நாப்பது இருக்கும்.”

“நீங்க இருந்தப்ப?”

“முப்பத்தஞ்சு. முப்பத்தாறு. எதுக்கு இப்போ?”

“முப்பத்தஞ்சுல அம்மாவாம். எதுக்குங்க விசா முடிஞ்சும் அங்க இருந்தீங்க?”

“அவங்க மாடிப்படியில கீழ விழுந்துட்டாங்க. பாத்துக்க ஆளில்ல.”

“பதினாலு மாசமா விழுந்துக்கிட்டே இருந்தாளா?”

வழக்கமாக இந்த இடத்தில் அவன் கத்துவான், அல்லது சிரித்துவிடுவான். இரண்டில் எது செய்தாலும் அவளுக்குத் தெரிந்த பாதைதான். சண்டை அரைமணியில் முடிந்துவிடும். இன்றைக்கு ‘அடுப்புல ரொட்டி இருக்கு’ என்று போனை வைத்துவிட்டான். அதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஊசி பொறாமைக்காரி என்பது ஊரறிந்த விஷயம். அவளே மறுக்கமாட்டாள். பேக்கரிக்கு எதிரே இருக்கும் மருந்துக் கடைப் பெண்மேல் சந்தேகப்பட்டிருக்கிறாள். அவன் பெரியப்பா மருமகள்மேல் பட்டிருக்கிறாள். ஒருமுறை அவன் போன் தொடர்ந்து கிடைக்காதபோது, ‘நீங்கள் அழைக்கும் எண் தற்போது உபயோகத்தில் உள்ளது’ என்று சொல்லும் அந்தப் பதிவுக் குரல்காரிமேல்கூட, ‘எப்பப் பாத்தாலும் இவதான் உங்க நம்பர்ல இருக்கா’ என்று எரிந்து விழுந்திருக்கிறாள். இத்தனை பேரைத் துருவித் துருவிப் பார்த்தவள், நிஜமான ஒருத்தியைக் கோட்டைவிட்டாள். அது வேறு அவமானமாக இருந்தது.

மேல்முறையீடு செய்ய இருபத்தெட்டு நாள் கெடு. வக்கீல் ஒரு இளம்பெண். வருஷம் முழுக்க மூக்கடைப்பு. ஒரு கையில் கோப்பு, ஒரு கையில் டிஷ்யூ. நல்லவேளையாகத் தமிழ் பேசுகிறவள். கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டாவது காரணத்தை முதலில் எடுத்தாள்.

“போன பிப்ரவரியில பதினெட்டு நாள் நீங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தைகூடப் பேசலையா?”

“பேசினோமே. வேலைக்குக்கூடப் போகாம பேசினோம்.”

“அப்ப அந்த மெசேஜெல்லாம் எங்கே?”

ஊசி கைப்பையின் வாரை நெருடிக்கொண்டு, “எடுத்துட்டேன்,” என்றாள்.

“ஏன்?”

“சண்டை.”

“என்ன சண்டை?”

“மேடம், கவர்ன்மென்ட் ஆபீஸ்ல குடுக்கிற பேப்பர். அதுல ‘அந்த மருந்துக்கடைக்காரிகூட உங்களுக்கு என்ன இளிப்பு’ன்னு இருந்தா நல்லாவா இருக்கும்? நாலு பேர் படிப்பாங்க. அதான் நல்லதா மட்டும் பொறுக்கிக் குடுத்தேன்.”

ஆயிரத்து நூறு பக்கத்தை உட்கார்ந்து பொறுக்கி நாற்பத்தாறு பக்கமாக்கியிருந்தாள். மிஞ்சியது ‘சாப்பிட்டீங்களா’, ‘சாப்பிட்டேன்’, ‘குட்மார்னிங்’, கூடவே ரோஜாப்பூ. மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு கல்யாணத்தையே வழித்து எறிந்திருந்தாள். வக்கீல் சிரித்தாள், சிரிப்பு தும்மலாகி, தும்மல் நிற்க ஒரு நிமிஷம் பிடித்தது.

“போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி தலை சீவற மாதிரி சீவி வெச்சிருக்கீங்க. இவ்வளவு அழகாப் பேசிக்கற புருஷன் பொண்டாட்டியை எந்த அதிகாரியும் நம்பமாட்டார். அந்தச் சண்டை அத்தனையும் எனக்கு வேணும். ஒரு வார்த்தை விடாம.”

“அய்யோ.”

“அய்யோவெல்லாம் அப்புறம். இப்ப முதல் காரணத்துக்கு வருவோம். அந்தப் பதினாலு மாசம் ஏன் இருந்தார்னு சொல்லக்கூடிய ஒரே ஆள் இந்த அம்மாதான். அவங்க எழுதிக் குடுத்து, ஹியரிங்குக்கும் வந்து நிக்கணும். அவங்க இல்லாம கேஸ் நிக்காது. தோத்தா, மறுபடி மனுப் போட்டு வர எத்தனை வருஷமாகும்னு என்னால சொல்ல முடியாது.”

ஊசிக்குக் காதெல்லாம் சுட்டது. எவளால் விசா போயிற்றோ அவளிடமே போய்க் கையேந்தி நிற்க வேண்டும்.

சண்டைகளை மொழிபெயர்க்க அரசு அங்கீகாரம் பெற்ற பெரியவர் ஒருவர் கிடைத்தார். பத்திரங்களும் பிறப்புச் சான்றிதழ்களும் பெயர்த்துப் பழகிய மனிதர். நான்காவது நாள் போன் செய்தார்.

“அம்மா, இருநூத்தி பன்னெண்டாம் பக்கத்துல, ‘உங்க கண்ணைப் பிடுங்கி இஸ்திரிப் பெட்டியை வெச்சுத் தேய்ச்சிடுவேன்’னு இருக்கு. வார்த்தை சரியா வந்திருச்சு. இது மிரட்டலா, அன்பான்னு அடிக்குறிப்பு போடணுமே?”

“ரெண்டும்தான்,” என்றாள் ஊசி.

அந்த வீட்டுக்காரப் பெண் பஸ் ஓட்டுநர். பதினேழாம் நம்பர் வழித்தடம், அதில் ஒரே பெண். இதைக் கணவன் வாயிலிருந்து பிடுங்குவதற்குள் இரண்டு நாள் ஆயிற்று. நம்பர் தருகிறேன், பேசு என்றான். ஊசிக்குப் பேச வேண்டாம். முதலில் பார்க்க வேண்டும். எதற்காக ஒருவன் பதினான்கு மாதம் போலீசுக்குப் பயந்து பயந்து ஒரு கீழ் அறையில் கிடந்தான் என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

சனிக்கிழமை காலை, இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டு போனாள். இரண்டு பதினேழாம் நம்பரில் ஆண்கள் ஓட்டிக்கொண்டு வந்தார்கள், விட்டுவிட்டாள். மூன்றாவதில் அவள் இருந்தாள். ஓட்டுநரின் முகம் மேல் கண்ணாடியில் தெரியும்படி மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

கட்டையான உருவம். ஒட்ட வெட்டிய தலைமுடியில் காதோரம் நரை. கனத்த கண்ணாடி. சீருடைச் சட்டையின் கை ஒரு அங்குலம் நீளம். மடித்துத் தைக்கக்கூடச் சோம்பேறி. ஊசி மேலிருந்து கீழ்வரை ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்தாள். அழகியாக இருந்திருந்தால், ‘சரி, ஆம்பளை, மயங்கிட்டான்’ என்று திட்டித் தீர்த்திருக்கலாம். திட்டுவதற்கு இங்கே ஒன்றுமே இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

வழியில் ஒரு கிழவர் கைத்தடியோடு ஏறினார். அவர் தட்டுத்தடுமாறி இருக்கையைப் பிடித்து, உட்கார்ந்து, தடியைக் கால் நடுவில் வைத்துக்கொள்ளும்வரை பஸ் நகரவில்லை. பின்னால் கார்கள் ஹாரன் அடித்தன. ஓட்டுநர் கண்ணாடியில் கிழவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘ஆமா, பெரிய தியாகி’ என்று ஊசி மனசுக்குள் கறுவினாள். ஆனாலும் பார்வையை எடுக்க முடியவில்லை.

இறங்க வேண்டிய இடம் என்று அவளுக்கு ஒன்றும் இல்லாததால் இறங்கவில்லை. பஸ் காலியாகி, ஒரு மைதானத்து ஓரம் நின்றது. ஓட்டுநர் தன் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தாள்.

“கடைசி ஸ்டாப்மா. இறங்கணும்.”

தமிழில் சொன்னாள். ஊசி எழுந்திருக்கவில்லை.

“கல்யாண போட்டோ அனுப்பியிருந்தார்,” என்றாள் ஓட்டுநர். “நேர்ல இன்னும் ஒல்லியா இருக்கே. கேஸ் விஷயமும் சொன்னார், நீ எப்பவாவது வருவேன்னு. மூணு ஸ்டாப்பா பாக்கறேன், கண்ணாடியில என்னையே முறைச்சுக்கிட்டு வந்தே. சரி, நீதான்னு நெனச்சுக்கிட்டேன்.”

அப்படியானால் இன்னும் பேச்சு இருக்கிறது. போட்டோ போயிருக்கிறது. ஊசிக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஓட்டுநர் அதைக் கவனிக்காதவள்போல ஃபிளாஸ்க்கை எடுத்து, மூடியில் டீ ஊற்றி நீட்டினாள்.

அக்கா என்று கூப்பிட ஊசிக்கு வாய் வரவில்லை. மேடம் என்றால் மரியாதை கூடிப்போகும். மொட்டையாகவே பேசினாள். “எதுக்கு அவர் இங்க இருந்தார்? உங்க வாயாலயே கேக்கணும்.”

ஓட்டுநர் எதிர் இருக்கையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். “அவருக்கு விசா முடிய பன்னெண்டு நாள் இருந்துது. அன்னிக்குத்தான் நான் மாடிப்படியில உருண்டேன். இடுப்பெலும்பு போச்சு. ரெண்டு ஆபரேஷன். சொந்தம்னு எனக்கு யாருமில்ல. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து போட்டப்ப பாத்ரூம் போகக்கூட ஆள் வேணும். முதல் வாரம் நர்ஸ் வந்தா. அப்புறம் அவரே பாத்துக்கிட்டார்.”

“அவரேன்னா?”

“எல்லாம்தான்மா.”

ஊசி டீயைக் குடிக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

“டிரைவர் சீட்டுக்கு மூணு படி ஏறணும். ஏறிக் காட்டினாத்தான் டாக்டர் கையெழுத்துப் போடுவார், வேலை திரும்பக் கிடைக்கும். முன்ன வேலை பாத்த பேக்கரியில தூக்கிப்போட்ட மரப்பெட்டியெல்லாம் வாங்கிட்டு வந்து, அதே அளவுக்கு மூணு படி அடிச்சு ஹால்ல வெச்சார். நீங்க மூணாவது படியில நின்னதும் நான் ஊருக்குப் போயிடறேன்னார். எனக்கு அதுக்குப் பதினாலு மாசமாச்சு.”

“அவ்வளவுதானா?”

ஓட்டுநர் ஃபிளாஸ்க்கின் மூடியை வாங்கி, டீயை ஜன்னல் வழியே கொட்டிவிட்டு, மெதுவாகத் திருகி மூடினாள். “நீ ஒரு விஷயம் கேக்க வந்திருக்கே. பொய் சொல்லி அனுப்ப எனக்கு மனசில்ல. போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி, கட்டிக்கலாமான்னு கேட்டார்.”

“நீங்க?”

“வேண்டாம்னுட்டேன்.”

“ஏன்? பிடிக்கலையா?”

“பிடிக்காமலா வேண்டாம்னு சொல்ல ரெண்டு நாள் எடுத்துக்கிட்டேன்? நான் ஏழு வயசு மூத்தவ. அதுகூடப் பரவாயில்ல. என்னைக் கட்டினா அவருக்கு இங்க இருக்கப் பேப்பர் கிடைக்கும். பேப்பருக்காகத்தான் கட்டினாரோன்னு என்னிக்காவது ஒருநாள் எனக்குத் தோணிட்டா? தோணினதுக்கு அப்புறம் அவர் மூஞ்சிய எப்படிப் பாக்கறது? போங்கன்னு சொன்னேன். டிக்கெட் எடுத்துட்டுப் போயிட்டார்.” அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். “எழுதித் தரேன். கோர்ட்டுக்கும் வரேன். இதையும் எழுதணுமா?”

ஊசி சட்டென்று இறங்கிவிட்டாள். இறங்கியபிறகுதான் அது கடைசி ஸ்டாப், திரும்பிப் போவதும் அதே பஸ்தான் என்று உறைத்தது. வீம்புக்கு ஒருமணி நேரம் நடந்தே போனாள்.

அன்று மத்தியானம் கணவனிடம் சண்டை போடவில்லை. “அவளை நீங்களே கேட்டீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

“கேட்டேன்.”

“என்னை நீங்க கேக்கவே இல்லியே. உங்க பெரியப்பாதானே வந்து கேட்டார்.”

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. போனை வைத்துவிட்டு அழுதாள்.

ஓட்டுநரின் கடிதம் ஒரு வாரத்தில் தபாலில் வந்தது. ஒரே தாள், இரண்டு பக்கம், பின்னால் ஆஸ்பத்திரிக் காகிதங்கள். விழுந்தது இருந்தது, மரப்படி இருந்தது. கல்யாணம் கேட்டது இல்லை. வக்கீலிடம் அதை ஊசி சொன்னபோது, வக்கீல் டிஷ்யூவைக் கீழே வைத்துவிட்டாள்.

“அது வெளிய வந்தா அரசுத் தரப்பு விடமாட்டாங்க. விசாவுக்காக முதல்ல அவங்களைப் பிடிக்கப் பாத்தார், கிடைக்கல, அடுத்தது உங்களைப் பிடிச்சார்னு கோத்துடுவாங்க. நீங்க பொய் சொல்ல வேண்டாம். கேட்டதுக்குச் சுருக்கமா பதில் சொல்லுங்க. அவங்க கடிதத்தை நம்பறேன்னு சொல்லுங்க, போதும். கடிதத்தை எடுத்துட்டு வந்தீங்களா?”

“வீட்டுல இருக்கு.”

உண்மையில் கடையில், நூல்கண்டு வைக்கும் இழுப்பறையில் இருந்தது. நான்கு நாள் அங்கேயே கிடந்தது. என் புருஷனை எனக்கு வாங்கிக் கொடுக்க இவள் யார் என்று ஊசிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. நாளைக்கு அவன் வந்து இறங்கினால், அவள் போட்ட கையெழுத்தில் வந்து இறங்கியவன். தின்கிற சோற்றிலெல்லாம் அவள் கை இருக்கும். கிழித்துப் போட்டுவிட்டால்? அந்த வாரம் ஒருவருடைய பேண்ட்டில் ஒரே காலை இரண்டு தடவை குறைத்துவிட்டாள். முதலாளி வந்து பேண்ட்டை இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்துக் காட்டினார். ஊசி ஒன்றும் பேசாததைப் பார்த்துப் பயந்துபோய் அவரும் திட்டாமல் போய்விட்டார்.

கெடு முடிய ஒருநாள் இருக்கையில் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பெருந்தன்மையெல்லாம் ஒன்றுமில்லை. இன்னும் எத்தனை வருஷமோ போனிலேயே குடும்பம் நடத்த முடியாது. அதோடு, அவனைக் கொண்டுவந்து எதிரே உட்கார வைத்து நாலு கேள்வி கேட்காமல் விடுவதாகவும் இல்லை.

விசாரணை நடந்த அறை ஒரு அலுவலகம் போலத்தான் இருந்தது. கம்பளம், தண்ணீர்ப் பாத்திரம், மேஜைகள். நீதிபதி ஒரு வயதான அம்மாள். சுவரில் ஒரு திரை, அதில் கணவன். அவன் சாட்சி சொல்ல அனுமதி கிடைக்கவில்லை. பார்க்க மட்டும் விட்டிருந்தார்கள். இரவல் கோட்டு போட்டிருந்தான், தோள்பட்டை தொங்கியது.

ஓட்டுநர் முதலில் போனாள், சீருடையோடு. ஊசி வெளியே நடையில் காத்திருந்தாள். பத்து நிமிஷத்தில் வந்து, “உன்னைக் கூப்பிடறாங்க,” என்றாள்.

அரசுத் தரப்பில் ஒரு மரியாதையான பையன். குரலை உயர்த்தவே இல்லை; அவன் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். ஆயிரத்து நூறு பக்கக் கட்டிலிருந்து அங்கங்கே படித்தான். மருந்துக் கடையைப் படித்தான். பதிவுக் குரல்காரியைப் படித்தபோது நீதிபதி தண்ணீர் குடிக்கிற சாக்கில் வாயை மறைத்துக்கொண்டார். ஊசிக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம்போல இருந்தது.

“இவ்வளவு சந்தேகப்படும் நீங்கள், உங்கள் கணவர் பதினான்கு மாதம் ஒரு பெண்ணோடு ஒரே வீட்டில் இருந்ததைப் பற்றி ஒரு வரிகூடக் கேட்கவில்லையே?”

“எனக்குத் தெரியாது. உங்க ஆபீஸ் கடிதத்துலதான் தெரிஞ்சுது.”

“இப்போது தெரியும். அவர் வெறும் உதவிக்காகத்தான் தங்கினார் என்று நம்புகிறீர்களா?”

வக்கீல் சொல்லிக்கொடுத்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. ஊசி திரையைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அந்தக் குனிவைப் பார்த்ததும் அவளுக்குள் இத்தனை வாரமாக அடைத்து வைத்திருந்தது உடைத்துக்கொண்டு வந்துவிட்டது.

“இல்ல. நம்பல. அவளைக் கட்டிக்கறேன்னு கேட்டார். அவதான் வேண்டாம்னுட்டா.”

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டாள். பையன் பேனாவை எடுத்தான். “ஆக, முதலில் அந்தப் பெண், பிறகு நீங்கள். இரண்டு பேருமே இந்த நாட்டில் இருக்க உரிமை உள்ளவர்கள். அவர் விசாவைத் தேடித்தான் பெண் தேடினார் என்று வைத்துக்கொள்ளலாமா?”

“விசாவுக்காகன்னா நான் நிம்மதியாத் தூங்கியிருப்பேனே!” ஊசி எழுந்து நின்றுவிட்டாள். “விசாவுக்கா ஒருத்தன் பதினாலு மாசம் ஒரு பொம்பளைய பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போவான்? விசாவுக்கா மரப்பெட்டியை உடைச்சுப் படி அடிப்பான்? விசா வேணும்னா, அவ வேண்டாம்னு சொன்னதும் அடுத்த தெருவுல இன்னொருத்தியைப் பாத்திருக்கலாமே. டிக்கெட் எடுத்துட்டுத் தானா ஏன் போனார்? மனசு உடைஞ்சுதான் போனார். அவளை அவருக்குப் பிடிச்சிருந்துது. அதான் என் வயித்தெரிச்சல். அவளுக்காக இருக்கக் கூடாத இடத்துல இருந்தார். எனக்காக வர வேண்டிய இடத்துக்கு வர முடியல. என்னை எங்க வெச்சிருக்கார்னு நான் போன்ல எப்படிங்க கண்டுபிடிக்கறது? ஆளை அனுப்புங்க. நான் கேட்டுக்கறேன்.”

திரையில் அவன் நிமிர்ந்து, கேமரா எங்கே இருக்கிறது என்று தெரியாமல், எங்கேயோ பார்த்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். பையன் ஏதோ கேட்க வாயைத் திறந்து, ‘வேறு கேள்விகள் இல்லை’ என்று உட்கார்ந்தான். நீதிபதி நிறைய நேரம் எழுதினார். வெளியே வந்ததும் வக்கீல், “உங்களைச் சுருக்கமாப் பேசச் சொன்னேன்,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

தீர்ப்பு ஆறு வாரம் கழித்து வந்தது. வக்கீல் போனில் கத்தினாள்; ‘ஜெயிச்சுட்டோம்’ என்பது தும்மலுக்கு நடுவில் கேட்டது. பிறகு பதினோரு பக்கத்தை அனுப்பிவைத்தாள். ஊசி அதைக் கடையிலேயே அச்செடுத்து, மூலையில் உட்கார்ந்து படித்தாள். அதிகாரியின் முடிவு ரத்து. விசா வழங்க வேண்டும். முதல் தடவை கண்ணீரில் எழுத்து தெரியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து இரண்டாவது தடவை படித்தாள். அப்போதுதான் முப்பத்தோராம் பத்தி கண்ணில் பட்டது.

அவர் சட்டத்தை மீறியது தவறுதான், ஆனால் வேலைக்காகவோ ஆதாயத்துக்காகவோ மீறவில்லை. தான் நேசித்த ஒரு பெண் தன் காலில் நிற்க வேண்டும் என்பதற்காக மீறினார். இதை அவருடைய மனைவியே சொல்லக் கேட்டேன், தனக்கு இவ்வளவு வலிக்கிற ஒன்றை யாரும் இட்டுக்கட்டிச் சொல்லமாட்டார்கள் என்று நீதிபதி எழுதியிருந்தார். மரப்படிகூட இருந்தது. அதற்கு அடுத்த பத்தி ஊசியைப் பற்றியது.

ஊசி வரிகளை எண்ணினாள். மறுபடி எண்ணினாள். நாடாவை வைத்து அளக்காத குறைதான். இத்தனை நாள் அது வெறும் சந்தேகமாக இருந்தது. சந்தேகமென்றால் ஒருநாள் தப்பு என்று தெரியவும் இடமுண்டு. இப்போது சீல் குத்தி, கையெழுத்துப் போட்டு, தீர்ப்பாகவே வந்துவிட்டது.

போன் போட்டாள். அவனுக்கு வக்கீல் முன்பே சொல்லியிருந்தாள் போல. பேச முடியாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். பின்னால் பேக்கரி அடுப்பின் கதவு மூடுகிற சத்தம் கேட்டது.

“படிச்சியா?” என்றான்.

“படிச்சேன். அவளுக்கு ஆறு வரி எழுதியிருக்காங்க.”

“என்னது?”

“எனக்கு ஒரு வரி.”

“அந்த ஒரு வரி என்னன்னு படி,” என்றான்.

ஊசி தாளை விளக்குப் பக்கம் நகர்த்திக்கொண்டு, எழுத்துக் கூட்டுவதுபோல் ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழில் சொன்னாள். “இப்போது அவர் வாழ விரும்புவது தன் மனைவியோடுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.”

“சரியாத்தானே எழுதியிருக்காங்க?”

“சரிதான்,” என்றாள் ஊசி. “பத்தல. கிளம்பி வாங்க.”